ஆடியில் வாங்கிய பேட்டரி

எங்கள் வீட்டுச் சாமான் அறையைப் பார்த்துச் சிரிக்காத சொந்தக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. சிரிப்பதோடு விட்டால் பரவாயில்லை. சிரித்து முடித்துப் போகும்போது அதிலிருந்தே ஒரு டார்ச்சையோ மெழுகுவத்திக் கட்டையோ கேட்டு வாங்கிக்கொண்டும் போவார்கள். "நீதான் நெறைய வெச்சிருக்கறயே" என்று ஒரு நியாயம் வேறு. நிறைய வைத்திருப்பவள் ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை.

நான் சேலத்தில் அஸ்தம்பட்டியில் வளர்ந்தவள். குழாயில் அடுத்த தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாத காலம் அது. அண்டா, குடம், பக்கெட், கடைசியில் சொம்பு வரைக்கும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் மற்ற வேலை. கல்யாணமாகி நாமக்கல் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டிப் போட்டபோது இன்னும் முற்றிவிட்டது. அரிசி பருப்பு மாதக்கணக்குக்கு இருக்க வேண்டும். கேஸ் தீர்ந்தால் விறகடுப்பு தயாராக இருக்க வேண்டும். மாடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி, கொல்லையில் முருங்கையும் கத்திரியும் கீரையும், அடைப்புக்குள் நாட்டுக்கோழி, அலமாரியில் மருந்துப்பெட்டி. என் வீட்டுக்காரர் லாரியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்து, "ரேஷன் கடைக்காரன் இதப் பாத்தா வேலைய உட்டுட்டுப் போயிருவான் அம்மிணி" என்பார். அவர் கிண்டலைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிக்கொள்ள நான் பழகிவிட்டேன்.

கிண்டல் செய்யாத ஒரே ஆள் என் மாமனார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு போனால் வீட்டில் மாமாவும் நானும்தான்.

மாமா வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். வழியில் வண்டி நின்றால் லாரிக்காரனுக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, தார்ப்பாய், ஸ்டவ், அரிசி, தண்ணீர் கேன் என்று ஒரு குடித்தனத்தையே கேபினுக்குள் வைத்துக்கொண்டு வடக்கே போய் வந்தவர். "வண்டிய எடுக்கறதுக்கு முன்னாலயே அது எங்க நிக்கும்னு ரோசன பண்றவந்தான் டிரைவரு" என்பார். நான் கடையில் வாங்கி வந்த நைலான் கயிற்றைக் கையில் சுற்றி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "இது துணி காயப்போட ஆகும் சாமி, வேறெதுக்கும் ஆகாது" என்று சொல்லித் தன் பழைய லோடு கயிற்றைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். தீப்பெட்டியை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கச் சொன்னதும் அவர்தான். இந்த வீட்டில் அவரும் நானும் ஒரே கட்சி. அதனாலேயே அவர்மேல் எனக்கு வந்த கோபம் அப்படிப்பட்ட கோபமாக இருந்தது.

பீடியும் டீசல் புகையும் சேர்ந்து அவருடைய நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தன. பங்குனி மாதத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபோது, இனிமேல் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மிஷின் வாங்கினோம். சின்ன பீரோ உயரம்கூட இருக்காது. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். நல்ல மிஷின்தான். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் நின்றுவிடும். அதற்காக ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் கட்டில் பக்கத்தில் நின்றது. கரண்ட் போனால் சிலிண்டர், சரி. சிலிண்டரும் தீர்ந்தால்? குழாய் இல்லாமல் கொஞ்ச நேரம் போனாலே மாமா முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்துவிடுவார். உதடு நிறம் மாறும். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் எண் இறங்கிக்கொண்டே போகும்.

ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்கள், ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்கள் என்று சித்திரையிலிருந்து நான் தொண்டை வறளக் கத்தினேன். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் "அடுத்த நடைக்கு வந்து பாத்துக்கலாம்" என்பவர். அவருடைய அடுத்த நடை என்பது ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம் வருவது. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஆடி பிறந்து சேலத்தில் கடைக்குக் கடை தள்ளுபடி போர்டு தொங்கியதும் மனிதர் ஒருநாள் தானாகவே போய் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். சார்ஜ் ஏற்றியே கொடுத்திருக்கிறார்கள், ஒயரை மாட்டினால் ஓடும் என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் பால் அரை மணி நேரத்தில் திரிந்தது. மாமா மூக்குக் குழாயோடு எழுந்து வந்து பெட்டியைப் பார்த்தார். அட்டையைத் தடவினார். பூஜை அறையிலிருந்து குங்குமம் எடுத்துவந்து பெட்டியின்மேல் ஒரு பொட்டு வைத்தார். பிறகு, "கூடத்து மூலையில ரெண்டு செங்கல் போட்டு அதும்மேல வையி. ஆவணி பொறக்கட்டும், மாட்டிக்கலாம்" என்றார்.

நான் முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஏனுங்க மாமா, கரண்டு போனா யாருக்குங்க மூச்சு முட்டுது? எனக்கா?" என்றேன்.

"எனக்குத்தான். அதான் நானே சொல்றேன். ஆடியில புதுசா எதையும் ஓட்டக் கூடாது."

"வாங்கலாமுங்களா?"

"வாங்குனது தள்ளுபடிக்கு. ஓட்டறது வேற."

விலை குறைகிறது என்றால் ஆடி நல்ல மாதம், ஒயரை மாட்டுவது என்றால் ஆடி கெட்ட மாதம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் எனக்காகப் பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவரு சொல்றாரு. இன்னும் எத்தன நாளைக்கு? ஆவணியில மொத ஞாயித்துக்கிழமை நானே வந்து மாட்டித் தாரேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா பக்கம் போய்விட்டார். போனவர் ஆடி முழுக்க அங்கேயே லோடு மாற்றி லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பனும் மகனும் ஒரே மண்ணில் பிடித்த பிள்ளையார்கள்.

ஆடியில்தான் எங்கள் பக்கம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த அதே ஜனம்தான், அந்தக் காற்றில் கம்பி அறுந்து கரண்ட் போகும்போது உதவுகிற சாமானை ஆடி முடிகிற வரைக்கும் தொடாதே என்கிறது. அம்மி பறந்தாலும் பறக்கும், கூடத்து மூலையில் செங்கல்மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டி மட்டும் அசையாது. காலையில் கூடம் பெருக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துடைப்பத்தால் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. அன்றைக்கு மட்டும் எதையும் தொடங்கலாம், தோஷமில்லை என்று மாமாவே ஒப்புக்கொண்டார். நான் எலக்ட்ரீசியனுக்கு முதல் வாரத்திலிருந்தே சொல்லி வைத்திருந்தேன். அன்று காலையில் போன் போட்டால் அவன் குடும்பத்தோடு மேட்டூரில் காவிரிக்கரையில் நிற்கிறான். "பதினெட்டாம் பெருக்குங்க அக்கா, இன்னிக்கு யாருங்க வேலை செய்வா? நாளைக்குக் காலையில மொத வேலையா வாரேன்" என்றான். நாளைக்கு வந்தால் பத்தொன்பது. பத்தொன்பது என்றால் மறுபடியும் கெட்ட ஆடி. நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று, காவிரியையும் சேர்த்துத் திட்டினேன். மாமா மட்டும் அன்றைக்குச் சாவகாசமாகச் சித்திரான்னம் சாப்பிட்டார்.

அவர் முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அன்று சாயந்திரம் நான் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்த சத்தம் பொறுக்காமல் அவரே கூப்பிட்டுச் சொன்னார். வாலிபத்தில் இரண்டாவது லாரியை அவர் ஆடியில் எடுத்தாராம். பைனான்ஸ்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், இவரும் சரி என்று எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை ரோட்டில் ஏற்றிவிட்டார். முதல் நடையிலேயே மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தது. ஓட்டிப் போனவர் இவருடைய கூடப்பிறந்த தம்பி.

"லாரி வாங்குனவன் நானு. வீட்டுல சோறு தின்னுட்டு உக்காந்திருந்தேன். உசுரு போனவன் ரோட்டுல இருந்தவன். ஆடியில ஆரம்பிச்சா அது ஊட்டுல இருக்கறவன ஒண்ணும் பண்ணாது சாமி. ரோட்டுல இருக்கறவனத்தான் கேக்கும்."

மலைப்பாதையில் பிரேக் பிடிக்காவிட்டால் ஆவணியிலும் கவிழும், தையிலும் கவிழும் என்றேன். மாமா என்னைப் பார்த்து, "நீ படிச்ச புள்ள" என்றார். அவர் வாயில் அது பாராட்டு இல்லை. நான் எழுந்து போய் மிச்சமிருந்த பாத்திரங்களையும் கழுவி முடித்தேன்.

ஆடி முடிய இன்னும் சில நாட்களே இருந்தபோது அது நடந்தது. காலையிலிருந்தே காற்று. கொல்லையில் முருங்கைக் கிளை ஒன்று முறிந்து கோழி அடைப்பின்மேல் விழுந்திருந்தது. நான் அதை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மர் பக்கம் வெடி போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து மிஷின் நின்று கீச்சிடும் ஒலி வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடி, குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினேன். அதுவரைக்கும் பழக்கமான வேலைதான்.

மின்வாரியத்துக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது, பல இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது, ஆள் போயிருக்கிறது என்றார்கள். மத்தியானம் ஆயிற்று. சிலிண்டர் முள் இறங்க ஆரம்பித்தது. நிரப்பிக் கொடுக்கும் கடைக்குப் போன் செய்தேன். ஆளை அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது, மரத்துக்கு மேலே கம்பியும் கிடக்கிறது, தாண்ட முடியவில்லை என்று அந்த ஆள் அங்கிருந்தே திரும்பிவிட்டான். ஆட்டோக்காரரும் அதையேதான் சொன்னார். 108-க்கு அடித்தேன். வண்டி வருகிறது, மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், வழி விட்டதும் வந்துவிடுவோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மரத்தை நானா தள்ளினேன், அவர்களா தள்ளினார்கள்?

அரிசி இருந்தது. விறகு இருந்தது. தண்ணீர் தொட்டி நிறைய இருந்தது. கட்டுத்துணி, காய்ச்சல் மாத்திரை, டார்ச்சு, லோடு கயிறு எல்லாம் இருந்தன. இத்தனை வருடம் ஊர் சிரிக்கச் சிரிக்கச் சேர்த்தவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்தில் மாமாவுக்கு ஒரு மூச்சுக் கொடுக்காது. கொடுக்கக்கூடியது கூடத்து மூலையில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது நான் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு போய் அந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தேன்.

"வேண்டாஞ் சாமி" என்றார் மாமா கட்டிலிலிருந்து.

"நீங்க பேசாதீங்க மாமா. பேசுனா மூச்சு வாங்கும்."

"ரெண்டு நாளு பொறு. ஆவணி வந்துரும்."

"ஆவணி வரும். நீங்க இருக்கோணுமில்லீங்களா?"

பேட்டரி என்னால் தூக்க முடிகிற கனமில்லை. செங்கல்லிலிருந்து சரித்து இறக்கி, கீழே ஒரு கோணிச்சாக்கைப் போட்டு, கூடத்திலிருந்து அவர் அறை வரைக்கும் தரதரவென்று இழுத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. படம் போட்ட தாள் உள்ளே இருந்தது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாமாவுடைய டூல்ஸ் பெட்டியிலிருந்தே ஸ்பேனரை எடுத்து முறுக்கினேன். அவசரத்தில் ஸ்பேனர் இரண்டு தடவை கீழே விழுந்தது. அவர் படுக்காமல், குனிந்து உட்கார்ந்தபடி நான் செய்வதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். சிலிண்டரிலிருந்து வந்த கடைசிக் காற்று தீர்ந்து, குழாயில் சத்தம் அடங்கியது.

சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. மிஷின் ஒயரை இன்வெர்ட்டரில் சொருகினேன். மிஷின் ஒரு கீச்சுக் கீச்சிவிட்டு, எப்போதும்போல உறும ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழாயை அதில் மாட்டிக்கொண்டு திரும்பினால், மாமா மூக்கிலிருந்து மறுமுனையை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"மாட்டுங்க மாமா."

தலையை ஆட்டினார். "போன் போடு."

"யாருக்குங்க?"

"அவனுக்கு. அவன் பேசட்டும். அப்பறம் மாட்டறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மிஷின் ஓடுகிறது. ஆக்சிஜன் உஸ்ஸென்று குழாய் முனையில் வந்து, அவர் உள்ளங்கைக்குள்ளேயே வீணாகிக்கொண்டிருக்கிறது. உதடு நிறம் மாறிவிட்டது. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் புடைத்து எழுகிறது. இந்த மனிதர் மகாராஷ்டிராவில் இருக்கிற மகன் குரலைக் கேட்டால்தான் மூச்சு விடுவேன் என்கிறார். குழாயைப் பிடுங்கி நானே மாட்டப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்த கை அது. உடம்பில் வேறெங்கும் தெம்பில்லாவிட்டாலும் அந்தக் கையில் இருந்தது.

போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் நின்றது. லோடு இறக்குகிற இடத்தில் இருப்பார், போன் கேபினில் கிடக்கும், தூங்கிக்கொண்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை அந்தப்பக்கம் எடுத்ததுபோல் பாவனை செய்தேன். "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? செரி செரி, மாமாகிட்டச் சொல்றேன்" என்று காலி மணிச்சத்தத்துக்குப் பேசினேன். மாமா குனிந்த தலையை நிமிர்த்தாமலே, போனில் ஸ்பீக்கரைப் போடச் சொல்லி விரலைக் காட்டினார். அவரை ஏமாற்ற முடியாது. செக்போஸ்ட்டுகளையே பார்த்துப் பழகியவர்.

ஸ்பீக்கரில் போட்டு மறுபடி அடித்தேன். இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. அப்போது எனக்குள் ஏதோ ஒன்று சறுக்கிற்று. இப்போதுதானே அடித்தது, அதற்குள் எப்படி எல்லைக்கு வெளியே போனார்? வண்டி எங்கே இருக்கிறது? மலை இறக்கமா? சுவிட்சைப் போட்டது எத்தனை மணிக்கு? அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? ஆடியை நம்பாதவள் நான். மாமாவை ஏமாற்றக் காலண்டரை ஆவணிக்குத் திருப்பி வைக்கலாமா என்று யோசித்தவள் நான். அந்த நான், பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு, அதை அணைத்துவிட்டால் அவர் எடுத்துவிடுவாரோ என்று நினைத்தேன். கையைக்கூட நீட்டிவிட்டேன். பிறகு என் கையையே நான் அடித்துக்கொண்டேன்.

அடித்துக்கொண்டேயிருந்தேன், போனை. ஒரு கட்டத்தில் மணி அடித்தது. எடுத்தார்.

"என்னாச்சு அம்மிணி, லோடு எறக்கிட்டிருக்கறேன். உசுரு போற மாதிரி கூப்படற."

அவருடைய குரலில் எரிச்சல் இருந்தது. பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். போனை மாமா பக்கம் நீட்டினேன்.

"அப்பா? என்னங்கப்பா? சொல்லுங்க."

மாமாவுக்குப் பேச மூச்சில்லை. மகன் எதிரில் நிற்பதுபோலப் போனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கைப்பிடியைத் தளர்த்தினார். நான் குழாயை அவர் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் கொடுத்து இறுக்கினேன். அவர் அதைத் தடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. மாமா உங்க கொரலக் கேக்கோணும்னாரு. நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லி நான் போனை வைத்தேன்.

எண் மெல்ல ஏறியது. நான் விரலில் மாட்டிய கருவியைவிட அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தை வெட்டி முடித்து 108 வண்டி வந்தபோது அவர் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். வந்தவர்கள் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இன்வெர்ட்டர் இருந்ததால் பிழைத்தார், நல்ல வேலை செய்தீர்கள் என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கரண்டும் பொழுது சாயும்போது வந்துவிட்டது. பாராட்டு என் காதில் ஏறவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் தெம்பாகிவிட்டார் என்று தெரிந்த பிறகு ஆரம்பித்தேன். "ஏனுங்க மாமா, உங்க மனசுல என்னங்க நெனச்சிட்டிருக்கறீங்க? அவரு போனெடுக்காமப் போயிருந்தா? என்ற கண்ணு முன்னாலயே செத்திருப்பீங்களா? மிஷின ஓடவுட்டுட்டு, குழாயக் கையில வெச்சிக்கிட்டு?"

"எனக்கு வயசாயிருச்சு. நான் செத்தா என்ன? அவனுக்கு வயசா?" என்றார் நிதானமாக. "அவனுக்கு எதாச்சும் ஆயிருந்தா, நான் மூச்சு உட்டு என்ன பண்றது?"

அந்த நிதானம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. "அவரு உங்களுக்கு மட்டும் மவனுங்களா? எனக்கு யாருங்க? எத்தன தடவ அடிச்சேன், பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? உங்களுக்காக மட்டுமா அடிச்சேன்? அந்தப் பொம்பள எல்லைக்கு வெளிய இருக்காருன்னு சொன்னப்ப எனக்கு உள்ள என்னாச்சு தெரியுமுங்களா? நான் இதையெல்லாம் நம்பறவ இல்லீங்க. என்னையும் நம்ப வெச்சுப்போட்டீங்க." சொல்லச் சொல்லவே குரல் உடைந்து, நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடத்தில் அவர் முன்னால் நான் அழுதது கிடையாது.

மாமா குழாயைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டார். பிறகு, "அதுக்குத்தான் சாமி ஆவணி பொறக்கட்டும்னேன்" என்றார்.

எழுந்து அவரை ஒரு அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி, இப்பக் கழட்டி வெச்சரட்டுங்களா?" என்றேன் வீம்பாக.

"ஆரம்பிச்சாச்சு. இனிக் கழட்டி என்னத்துக்கு?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவன் ஊடு வந்து சேர்ற வரைக்கும் காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா போன் மட்டும் போட்டுரு. எதுக்குன்னு அவங்கிட்டச் சொல்லாத."

அப்படியே போட்டேன். வழியெல்லாம் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். "என்ன அம்மிணி, புதுசாக் கல்யாணமானவ மாதிரி ரெண்டு நேரமும் கூப்படற?" என்று சிரித்தார். நான் அவரைத் திட்டிவிட்டு வைப்பேன். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்க ஆரம்பித்ததும் மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப்பக்கம் குரல் வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் நுரையீரல் இருக்கிற நிலைக்கு அது கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எந்த முகத்தோடு அதை நான் அவரிடம் சொல்வது? நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.